தூரிகையால் ஒதுக்கிய வெள்ளை

இளங்கலை விலங்கியல் இரண்டாம் ஆண்டில் கரப்பான்பூச்சி அறுத்தோம். மெழுகுத் தட்டில் குப்புற வைத்துக் குண்டூசி குத்தி, பூச்சி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, முதுகுத் தகடுகளை ஓரம் ஓரமாக வெட்டி எடுத்தால் முதலில் கண்ணில் படுவது குடலும் இல்லை, நரம்பும் இல்லை. துருவிய தேங்காயைக் கொட்டி வைத்தது போல உடம்பு முழுக்க ஒரு வெள்ளை. அதுதான் பெரிய தொல்லை. நாங்கள் எடுத்துக் காட்ட வேண்டியது நரம்புத் தொகுதி. நரம்பும் வெள்ளை, கொழுப்பும் வெள்ளை. செய்முறை ஆசிரியர் மேசை மேசையாக வந்து ஒரே வாசகத்தைச் சொல்லிக்கொண்டு போவார்: “கொழுப்பை எல்லாம் பிரஷ்ஷால தள்ளிட்டு, நரம்புக்கு அடியில கறுப்புத் தாள் வைங்கப்பா.”

தள்ளினோம். தண்ணீர் கலங்கும், கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுவோம். அந்த வெள்ளையை அலசிக் கழுவித் தொட்டியில் விட்ட பிறகுதான் பூச்சி ‘சுத்தமாக’ இருக்கும். தேர்வில் கொழுப்பு ஒட்டியிருந்தால் மதிப்பெண் குறையும். ரெக்கார்டு நோட்டில் நான் வரைந்த படத்தில் அது கிடையாது. பெயர் எழுதாத உறுப்பு என்று ஒன்று அந்தப் படத்தில் இருந்திருந்தால் அது இதுதான்.

2014இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளில் இந்த அறுவைகளை நிறுத்தச் சொன்னது. நல்லதுதான். ஆனால் நான் அறுத்துத் தள்ளிய கணக்கு என் மேல் இருக்கிறது. தள்ளியது என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது. தெரிந்துகொள்ள வைத்தவர் ஆசிரியர் எவரும் இல்லை. பாலக்கோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் என் சித்தப்பா.

2020 மே மாதம், ஊரடங்கு. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகருக்குள் பாலைவன வெட்டுக்கிளிகள் மேகமாக இறங்கிய காணொளிகள் எல்லோர் கைப்பேசியிலும் சுற்றிக்கொண்டிருந்தன. அதே வாரம் கிருஷ்ணகிரிப் பக்கம் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் கும்பலாக உட்கார்ந்திருப்பதாகச் செய்தி வந்தது. சித்தப்பா போன் செய்தார். “நீ பூச்சிதானே படிச்ச? அது இங்க வந்துருச்சாமே. மல்பெரியைத் தின்னா நான் புழுவுக்கு என்னத்தப் போடறது?” அவை உள்ளூர் வெட்டுக்கிளிகள்தான், பாலைவன இனம் இல்லை என்று வேளாண் அதிகாரிகள் விளக்கிவிட்டார்கள். நானும் அதையே சொன்னேன். அவர் விடவில்லை. “சரி, அது எம்புட்டுத் தூரம் பறக்கும்? பறக்கறதுக்கு நடுவுல தின்னாம எப்படித் தாங்கும்?”

முதல் கேள்விக்குப் பதில் கையில் இருந்தது. காற்று வாகாக இருந்தால் ஒரு நாளில் 100 கிலோமீட்டருக்கு மேல். 1988இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கிளம்பிய கூட்டம் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கரீபியன் தீவுகளில் இறங்கியது. ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர், பத்து நாள். இரண்டாவது கேள்விக்கு “கொழுப்பு இருக்கும் சித்தப்பா” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு உறுத்தியது. கொழுப்பு வயிற்றில் கிடக்கிறது, சரி. இறக்கையை அடிக்கும் தசை நெஞ்சில் இருக்கிறதே. அங்கே எப்படிப் போகும்?

இங்கே பூச்சியின் ரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பாடப்புத்தகங்கள் அதை ‘இல்லை’களாலேயே அறிமுகம் செய்கின்றன. சிவப்பணு இல்லை, நாளங்களுக்குள் அடைபட்டு ஓடுவதில்லை, ஆக்சிஜன் சுமப்பதில்லை. எல்லாம் சரிதான், காற்றுக்குப் பூச்சியிடம் தனிக் குழாய் அமைப்பு உண்டு, ரத்தம் அந்த வேலையில் கை வைப்பதில்லை. இத்தனை ‘இல்லை’யையும் படித்து முடிக்கும் மாணவனுக்கு, அப்புறம் எதற்கு அந்தத் திரவம் என்ற கேள்வி மட்டும்தான் மிஞ்சும். அது சரக்குப் பாதை. முதுகோரமாக நீளும் ஒற்றைக் குழாய் இதயம் அதைத் தலைப்பக்கம் தள்ளும். பிறகு அது உறுப்புகளின் இடுக்குகளில் வழிந்து, எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு திரும்பி வரும். ஹீமோலிம்ஃப் என்று பெயர். நான் ரத்தம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ரத்தத்தில் மிதக்கும் கிடங்குதான் நாங்கள் தூரிகையால் தள்ளிய வெள்ளை. கொழுப்பு உடலம். பெயர் அதைக் குறைத்துச் சொல்கிறது. நம் உடம்பில் கல்லீரலும் தொப்பைக் கொழுப்பும் பிரித்துக்கொண்டு செய்யும் வேலைகளைப் பூச்சியில் இது ஒன்றே செய்கிறது. கொழுப்பைச் சேர்க்கிறது, சர்க்கரையின் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜனைச் சேர்க்கிறது, ரத்தத்துக்கு வேண்டிய புரதங்களைச் சமைத்து அனுப்புகிறது. கரப்பானில் நைட்ரஜன் கழிவான யூரிக் அமிலத்தைச் சேர்த்து வைப்பதும், அந்த நைட்ரஜனை மறுபடி உணவாக்கித் தரும் பாக்டீரியாக்களுக்கு இடம் கொடுப்பதும் இதே திசுதான். மெல்லிய இதழ்களாகப் பரந்து கிடப்பதற்கும் காரணம் உண்டு. தந்துகிகள் என்ற நுண்ணிய ரத்தக் குழாய்கள் கிடையாது என்பதால் ரத்தம் நேராக ஒவ்வொரு செல்லையும் தொட வேண்டும். கட்டியாக ஓரிடத்தில் குவிந்திருந்தால் நடுவில் உள்ளது நனையாது.

இனி எரிபொருள். கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோ என்ற உடலியல் அறிஞர். 1920இல் நோபல் வாங்கியவர். தம் கடைசிக் காலத்தில், டார்கெல் வைஸ்-ஃபோ என்ற இளைஞரோடு சேர்ந்து பாலைவன வெட்டுக்கிளிகளை ராட்டினத்தில் கட்டிப் பறக்கவிட்டார். நிஜமாகவே ராட்டினம்தான்: சுழலும் அமைப்பில் பூச்சிகளைத் தொங்கவிட்டால் அவை பறக்கும் வேகத்திலேயே அது சுற்றும். நாம் சிறுவயதில் தட்டான் வாலில் நூல் கட்டிப் பார்த்ததற்குக் கிடைத்த உயர்கல்வி. பறக்கும்போது இழுக்கும் ஆக்சிஜனையும் விடும் கரியமில வாயுவையும் அளந்தார்கள். சர்க்கரையை மட்டும் எரித்தால் இரண்டும் சமம், விகிதம் 1. கொழுப்பு மட்டும் என்றால் 0.7 அளவுக்கு இறங்கும். நீண்டநேரம் பறக்கும் வெட்டுக்கிளியில் விகிதம் 0.7க்குப் பக்கத்தில் வந்து நின்றது. குரோ 1949இல் இறந்துவிட்டார். 1951, 1952இல் கட்டுரைகள் வெளிவந்தன.

பின்னாலே வந்தவர்கள் நேரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். கிளம்பும்போது வெட்டுக்கிளி ரத்தத்தில் தயாராக இருக்கும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை எரிக்கிறது. அது குறையக் குறைய, அரைமணி நேரத்துக்குள் வண்டி கொழுப்புக்கு மாறிவிடுகிறது. ரத்தத்தில் கொழுப்பின் அளவு மூன்று நான்கு மடங்கு ஏறுகிறது. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி, சர்க்கரை 4. கிளைக்கோஜன் தன்னோடு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். கொழுப்புக்கு அந்தச் சுமை இல்லை. இரண்டு கிராம் எடையுள்ள பிராணி விநாடிக்கு ஏறத்தாழ 20 முறை இறக்கை அடித்துக் கடல் தாண்டப் போகிறது என்றால் எதைக் கட்டிக்கொண்டு போகும் என்பதில் பெரிய ரகசியம் இல்லை.

கிடங்கைத் திறக்கச் சொல்வது யார்? மூளைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிறு சுரப்பி இணை. 1969இல் இங்கிலாந்தில் மேயரும் கேண்டியும், நெதர்லாந்தில் பேனக்கர்ஸும், தனித்தனியாக இதைக் கண்டார்கள்: அந்தச் சுரப்பியின் சாற்றை ஓய்வாக உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளிக்குச் செலுத்தினால், அது பறக்காமலேயே ரத்தத்தில் கொழுப்பு ஏறுகிறது. 1976இல் அதன் கட்டமைப்பு தெரிந்தது. பத்தே அமினோ அமிலங்கள். பெயர் அடிப்போகைனெடிக் ஹார்மோன், ‘கொழுப்பைக் கிளப்பும் ஹார்மோன்’. இதே குடும்பத்து ஹார்மோன் என் பழைய கரப்பானிலும் உண்டு. அங்கே அது முக்கியமாகச் சர்க்கரையைக் கிளப்புகிறது. நெடுந்தூரம் பறக்காத பிராணிக்கு அது போதும் போலிருக்கிறது.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். ரசத்தில் தாளித்த எண்ணெய் மேலே வட்டம் வட்டமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் தண்ணீர், கொழுப்பு அதில் கரையாது. ஏற்றிச் செல்ல வாகனம் வேண்டும். பாலூட்டிகளில் தொப்பைக் கொழுப்பு வெளியேறும்போது கொழுப்பு அமிலங்களாக உடைந்து, ஆல்புமின் என்ற புரதத்தில் தொற்றிக்கொண்டு போகிறது என்பது 1960களில் தெரிந்த விஷயம். பூச்சியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஹாருவோ சினோ என்ற ஜப்பானியரும் லாரன்ஸ் கில்பர்ட் என்ற அமெரிக்கரும் பட்டு அந்துப்பூச்சியின் கொழுப்பு உடலத்தைக் கதிரியக்க அடையாளமிட்ட கொழுப்பு அமிலத்தில் ஊறவைத்து, பிறகு அது வெளியே என்ன விடுகிறது என்று பார்த்தார்கள். 1964இல் வந்த முடிவு எதிர்பாராதது. வெளியே வந்தது டைகிளிசரைடு.

கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், அழகு இங்கேதான் இருக்கிறது. கிடங்கில் இருப்பது ட்ரைகிளிசரைடு: கிளிசரால் என்ற சிறு கொக்கியில் மூன்று கொழுப்பு வால்கள். நம் சமையல் எண்ணெயும் அதுதான். தண்ணீரோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு வாலைக் கழற்றிவிட்டால் கொக்கியில் ஓரிடம் காலியாகிறது. அந்த முனை தண்ணீரைக் கொஞ்சம் விரும்பும். ஆகவே டைகிளிசரைடு வாகனத்தின் ஆழத்தில் புதைந்துவிடாமல் மேற்பரப்புக்குப் பக்கமாகவும் நிற்கும், ஏறும், இறங்கும். மூன்றையும் கழற்றித் தனித்தனி வால்களாக அனுப்பினால் இறக்குவது இன்னும் சுலபம். ஆனால் தனிக் கொழுப்பு அமிலம் கிட்டத்தட்ட சோப்பு, அளவு மிஞ்சினால் செல்களின் சவ்வைக் கரைக்கும். பூச்சி நடுவில் நின்றுகொண்டது.

வாகனத்தின் பெயர் லிப்போஃபோரின். ‘கொழுப்புச் சுமப்பது’ என்று கிரேக்கத்தில் பொருள். சினோ உள்ளிட்டோர் 1981இல் வைத்த பெயர். பாதிக்குப் பாதி புரதமும் கொழுப்புமான ஓர் உருண்டை. ஒரு மில்லிமீட்டருக்குள் 60,000 உருண்டைகளை வரிசையாக அடுக்கலாம். உருண்டையைக் கட்டிப் பிடித்திருப்பவை இரண்டு பெரிய புரதங்கள். ஓய்வில் இருக்கும் பூச்சிக்கு இது போதும். பறக்கும் வெட்டுக்கிளிக்குப் போதாது. சரக்கு ஏற ஏற உருண்டை உப்பும், உள்ளே இருக்கும் எண்ணெய் தண்ணீருக்கு முகம் காட்டத் தொடங்கும்.

அப்போதுதான் மூன்றாவது புரதம் வருகிறது. அப்போலிப்போஃபோரின்-3. சின்னது, ரத்தத்தில் ஏராளமாகச் சும்மா மிதந்துகொண்டிருப்பது. அதன் உருவம் 1991இல், லோகஸ்டா இன வெட்டுக்கிளியிலிருந்து எடுத்துப் படிகமாக்கிப் பார்த்தபோது தெரிந்தது: ஐந்து நீண்ட சுருள்கள் ஒரு கட்டாக. உங்கள் வலது கையை மடக்கிப் பிடியுங்கள். ஐந்து விரல், ஐந்து சுருள். புறங்கை தண்ணீரை விரும்பும் பக்கம், உள்ளங்கை எண்ணெயை விரும்பும் பக்கம். மூடிய கையாக இருக்கும்வரை ரத்தத்தில் நிம்மதியாக மிதக்கும். உப்பிய லிப்போஃபோரினின் மேல் எண்ணெய்த் திட்டு தென்பட்டதும் கை விரிந்து, உள்ளங்கை அதன் மேல் அழுந்தி மூடிக்கொள்கிறது. இப்படி ஒரே உருண்டையின் மேல் பல கைகள். சரக்கு பறத்தல் தசையில் இறங்கியதும் உருண்டை சிறுக்கிறது, கைகளுக்கு இடம் போதவில்லை, மறுபடி மடங்கிக் கழன்று ரத்தத்துக்குத் திரும்புகின்றன. அடுத்த நடைக்கு அதே கைகள், அதே வாகனம்.

அந்த ‘அதே வாகனம்’ என்னை நிறுத்தியது. ஊரடங்கு முடிந்து முழு உடல் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன்; எல்டிஎல் 162. சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். எல்டிஎல் என்றால் அடர்த்தி குறைந்த லிப்போபுரதம். வெட்டுக்கிளி ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் இதே மொழிதான்: ஓய்வில் இருக்கும் லிப்போஃபோரின் அடர்த்தி மிகுந்த வகை, அதாவது எச்டிஎல்; சரக்கு ஏறியதும் அடர்த்தி குறைந்த வகை. அதாவது பறக்கும் வெட்டுக்கிளிக்கு எச்டிஎல் எல்லாம் எல்டிஎல் ஆகிறது. இறங்கி உட்கார்ந்தால் மறுபடி எச்டிஎல். பரிசோதனைக் கூடத்தில் காட்டினால் பயந்துவிடுவார்கள்.

இரண்டுக்கும் சொந்தமும் உண்டு. என் எல்டிஎல்லைச் சுற்றியிருக்கும் பெரிய புரதமும் லிப்போஃபோரினின் பெரிய புரதங்களும் ஒரே மூதாதையிலிருந்து வந்த குடும்பம். ஆனால் நடத்தை வேறு. என் கல்லீரல் கொழுப்பை அடைத்து அனுப்பும் உருண்டை, வழியில் ட்ரைகிளிசரைடை எல்லாம் இறக்கிவிட்டு, கொலஸ்டிரால் மிஞ்சிய எல்டிஎல் ஆகிறது. கடைசியில் ஒரு செல் அதை முழுசாக விழுங்கிப் புரதத்தையும் சேர்த்தே சிதைத்துவிடுகிறது. அந்த விழுங்கும் வாயைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் கிடைத்தது. இது பால் பாக்கெட். வெட்டி ஊற்றியாகிவிட்டது, உறை குப்பைக்கு. லிப்போஃபோரின் 20 லிட்டர் தண்ணீர் கேன். வாசலில் நிறைந்ததை வைத்துக் காலியானதை எடுத்துக்கொண்டு போவார்கள். பூச்சிகளிலும் விழுங்கும் வாய் உண்டு என்று பிறகு தெரிந்தது, அதே குடும்பத்து வாய்தான். ஆனால் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வெட்டுக்கிளியின் வாயை வைத்துப் பார்த்தபோது, விழுங்கப்பட்ட லிப்போஃபோரின் சிதையாமல் மறுபடி வெளியே வந்தது. கேன் வீட்டுக்குள்ளேயே போனாலும் திரும்பி வந்துவிடுகிறது.

ஏன் இந்த வித்தியாசம்? எனக்குத் தோன்றுவது இது: மணிக்கணக்கில் பறக்கும் பூச்சிக்கு ஒவ்வொரு நடைக்கும் புதிதாகப் பெரிய புரதத்தைக் கட்ட நேரம் ஏது? மனிதனோ நடையை அவ்வளவு வேகமாக நடத்த வேண்டியதில்லை. அவசரத்துக்கு ஆல்புமின் இருக்கவே இருக்கிறது. பூச்சி எல்லாவற்றையும் ஒரே வாகனத்தில் ஏற்றுகிறது. தோலின் மேல் பூசும் மெழுகு வகை ஹைட்ரோகார்பன்கள், சொந்தமாகத் தயாரிக்கத் தெரியாததால் உணவிலிருந்தே எடுக்க வேண்டிய கொலஸ்டிரால், முட்டைக்குப் போக வேண்டிய கொழுப்பு எல்லாமே அதே வண்டி. கொசுவின் உடம்பில் வளரும் மலேரியா ஒட்டுண்ணிகூட இந்த வண்டியிலிருந்து திருடித்தான் கொழுக்கிறது.

இன்னொரு சரக்கும் உண்டு. அதை நான் எட்டு வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா அப்போது மஞ்சள் கூடுதான் எடுப்பார். மைசூர் ரகத்தோடு கலந்த புழு. சந்திரிகை என்ற மூங்கில் தட்டில் புழுக்கள் கூடு கட்டி முடித்தால் வீடே மஞ்சள் குண்டுபல்பு போட்டதுபோல இருக்கும். ஒரு முறை தழை போடும்போது தவறி ஒரு புழுவை மிதித்துவிட்டேன். காலில் பட்டது மஞ்சளாக இருந்தது. “புழுவுக்கு ரத்தம் மஞ்சளா சித்தப்பா?” “அது ரகம்டா, அப்படித்தான். போய்க் கால் கழுவிட்டு உள்ள வா, நோய் வந்துரும்.” புழு மனைக்குள் அழுக்குக் காலோடு வருவதுதான் அவருக்குப் பெரிய விஷயம்.

ரகம் என்று அவர் சொன்னது முழு விடை. மல்பெரி இலையில் லுட்டீன் போன்ற மஞ்சள் நிறமிகள் உண்டு. அவையும் கொழுப்போடு கரையும் சாதி. குடலில் இவற்றை உள்ளே இழுக்க ஒரு புரதம் வேண்டும். இழுத்தவுடன் ரத்தத்தில் சுமப்பது லிப்போஃபோரின். பட்டுச் சுரப்பியின் வாசலில் இறக்கிவைக்க இன்னொரு புரதம். முதலாவது மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இலும் இரண்டாவதை 2010இலும் கண்டறிந்தார்கள். முதல் புரதம் பழுதானால் ரத்தமே வெளுத்துவிடும். இரண்டாவது மட்டும் பழுதானால் ரத்தம் மஞ்சளாக இருந்தும் கூடு மஞ்சளேறாது.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது இதை எல்லாம் அவரிடம் சொன்னேன். இப்போது அவர் வளர்ப்பது வெண்பட்டு. நூல் நீளம், விலை, எல்லாம் அதற்குத்தான். குத்தகைக்காரர் வாங்கிப்போன மல்பெரிக் குச்சிகளுக்குப் பணம் வரவில்லை என்ற கவலையில் இருந்தார், இருந்தும் கேட்டார்.

“அப்போ இந்த வெள்ளைப் புழுவுக்கு அந்த வண்டி கிடையாதா?”

“வண்டி இருக்கு சித்தப்பா. கொழுப்பு எல்லாம் அதே வண்டியிலதான் போவுது. மஞ்சளை மட்டும் ஏத்தறதுக்கு ஆள் இல்ல.”

“இந்த அந்துப்பூச்சி வெளிய வந்தா ஒண்ணும் தின்னாதே. அதுக்கும் அந்தக் கொழுப்புதானா?”

ஆமாம் என்றேன். வாய் இருந்தும் தின்னாமல், பறக்காமல், முட்டையிட்டுச் சாகும் அந்தச் சில நாளுக்கும், புழுவாக இருந்தபோது சேர்த்த வெள்ளைதான்.

ஒரு புழுவை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஐந்தாம் பருவம், ஏழாம் நாள்; உடம்பு கண்ணாடி போலத் தெளியத் தொடங்கியிருந்தது. முதுகுக் கோட்டில் இதயக் குழாய் மெல்லத் துடிப்பது தெரிந்தது. “நாளைக்கி ஏறிரும்,” என்று அதைத் தழை மேல் விட்டுவிட்டுச் சந்திரிகையைத் துடைக்கப் போனார்.